சயின்ஸ் குறும்படத்தில் விஞ்ஞானியை எப்போது, எப்படிச் சேர்ப்பது?

பச்சைவிளக்கு: செல் பிரிதலை ஆராயும் பிஎச்டி மாணவியைப் பற்றி 15 நிமிடக் குறும்படம். களம் சென்னை. ஸ்கிரிப்ட் இரண்டாவது டிராஃப்ட். நிஜ லேப், நிஜ நுண்ணோக்கிக் காட்சிகள் வேண்டும். ஸ்கிரிப்ட்டை முடித்துவிட்டு ஒரு விஞ்ஞானியிடம் 'செக்' பண்ணக் கொடுத்தால் போதுமா? இப்படிப்பட்ட படங்களுக்குக் கைகொடுக்கும் அமைப்புகள் எவை?

கதைமேசை: போதாது. முடிந்த ஸ்கிரிப்ட்டில் அவர் பிழைதான் திருத்துவார். கதை முடிச்சே தப்பு என்று அப்போது தெரிந்தால் மாற்ற உங்களுக்கு மனசு வராது. இப்போதே போங்கள். மெயிலில் ஒரு பக்கச் சுருக்கம், ஐந்து கேள்விகள், எவ்வளவு நேரம் தேவை என்ற விவரம். 'உங்கள் ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பது கேள்வியே இல்லை. 'கல்ச்சரில் (டிஷ்ஷில் வளர்க்கும் செல்களில்) பூஞ்சை பிடித்தால் முதலில் யார் மேல் சந்தேகம் விழும்?' என்று கேளுங்கள், காட்சியே கிடைக்கும். பேராசிரியரைவிட போஸ்ட்டாக் (பிஎச்டி முடித்து ஆய்வைத் தொடர்பவர்), கடைசி வருட பிஎச்டி ஆட்கள் மேல். லேபில் கைவைத்து வேலை செய்பவர்கள் அவர்கள்தான்.

தரமணி திரைப்படக் கல்லூரியின் அக்கம்பக்கத்திலேயே கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. ஆனால் அங்கே நடப்பது கோட்பாட்டு ஆய்வு. கணிதமேதை கதைக்குச் சரி, உங்களுக்கு ஆகாது. ஐஐடி மெட்ராஸ் உயிரித் தொழில்நுட்பத் துறை, உயிரியல் ஆய்வு நிறுவனங்களான பெங்களூரு என்சிபிஎஸ், ஹைதராபாத் சிசிஎம்பி பக்கம் பாருங்கள்.

அமைப்புகள் என்றால் அமெரிக்காவில்தான் அதிகம். ஸ்லோன் ஃபவுண்டேஷன், சன்டான்ஸ் திரைப்பட அமைப்பு, ஃபிலிம் ஸ்கூல்கள் வழியாக, நிஜ அறிவியலை வைத்த ஸ்கிரிப்ட்டுகளுக்குப் பணம் தருகிறது. தேசிய அறிவியல் அகாடமியின் 'சயின்ஸ் அண்ட் என்டர்டெயின்மென்ட் எக்ஸ்சேஞ்ச்' 2008 முதல் சினிமாக்காரர்களுக்கு ஆலோசகர்களை அறிமுகப்படுத்துகிறது. நியூயார்க் இமேஜின் சயின்ஸ் விழாவின் 'சிம்பயோசிஸ்' போட்டியில் ஒரு விஞ்ஞானியும் ஓர் இயக்குநரும் ஜோடியாக ஒரே வாரத்தில் படம் முடிக்க வேண்டும். நம் நாட்டில் அறிவியல் பட விழா நடத்திவந்த மத்திய அரசு அமைப்பான விஞ்ஞான் பிரசார் 2023-ல் மூடப்பட்டது. பழைய பட்டியல்களை நம்பி அலையாதீர்கள்.

ஃபிரேம்_24: நுண்ணோக்கி ஷாட்டுக்குக் கணக்கு முதலில். 24 மணி நேரத்தை 10 விநாடியில் காட்ட, விநாடிக்கு 24 வீதம் 240 ஃபிரேம், அதாவது 6 நிமிடத்துக்கு ஒரு படம். ஆனால் ஹீலா செல் (லேப்களில் அதிகம் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்) பிரிவது சுமார் ஒரு மணி நேரம்தான். இந்த இடைவெளியில் அது பத்தே ஃபிரேம், திரையில் அரை விநாடிகூட இல்லை. பிரிதல்தான் காட்சி என்றால் நிமிடத்துக்கு ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். இரண்டரை விநாடி வரும். ஃப்ளோரசன்ஸில் (புரதங்களை ஒளிரவைத்து எடுக்கும் முறையில்) அதற்கும் மேல் நெருக்கினால் ஒளி தாங்காமல் செல் பிரியாமலே நின்றுவிடலாம்.

நுண்ணோக்கியில் மாட்டும் கேமராக்கள் பல சதுரப் படம் தருபவை. 2048×2048 படத்தில் 16:9 வெட்டினால் உயரம் 1152 தான் மிஞ்சும், செல் நடுப்பட்டையில் இருக்கட்டும். அவர்கள் ஏற்றுமதி செய்த வீடியோ வேண்டாம், 16-பிட் டிஃப் (தரம் குறையாத படக் கோப்புகள்) வாங்குங்கள். ஃபிஜி என்ற இலவச பட மென்பொருளில் எல்லா ஃபிரேமுக்கும் ஒரே கான்ட்ராஸ்ட் எல்லை வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் 'ஆட்டோ' போட்டால் படம் துடிக்கும். நிறங்கள் பின்னால் ஏற்றியவை என்றாலும் கலரிஸ்ட் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது, எந்த நிறம் எந்தப் புரதம் என்று ஒரு கணக்கு இருக்கிறது.

தாராமீன்: மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் துல்லியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 'இன்டர்ஸ்டெல்லார்' கருந்துளைக்கு இயற்பியலாளர் கிப் தோர்ன் சமன்பாடுகளே எழுதிக் கொடுத்தார். அந்த வேலை 2015-ல் ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது. இருந்தும், சுழற்சியால் ஒரு பக்கம் பிரகாசமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் தெரிய வேண்டிய விளைவைப் படத்தில் விட்டுவிட்டார்கள், பார்ப்பவர் குழம்புவார் என்று. முரண்பாடு வந்தால் கடைசி முடிவு யாருடையது என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். சம்பளம், டைட்டில் கார்டு, வெளியிடாத தரவு எல்லாம் அதே தாளில்.

பச்சைவிளக்கு: நன்றி. லேபுக்குள் ஷூட் பண்ணும்போது எதில் சொதப்பும்?

ஃபிரேம்_24: லேமினார் ஹூட் (வடிகட்டிய காற்று வீசும் சுத்தமான வேலைப்பெட்டி) இரைச்சலில் லைவ் சவுண்ட் தேறாது. நிறுத்தினால் சுத்தம் போச்சு, அதனால் காலி டிஷ்களை வைத்து நிறுத்திவிட்டு எடுங்கள். அதன் காற்றுத் துளைகளை லைட் ஸ்டாண்ட் மறைக்கக் கூடாது. திறந்த டிஷ்ஷுக்கு மேலே நடிகை கை நீட்டினால் லேப்காரர்கள் சிரிப்பார்கள். சென்ட்ரிஃபியூஜில் (டியூப்களை வேகமாகச் சுழற்றும் கருவியில்) ஒரு டியூப் வைத்தால் எதிரே அதே எடையில் இன்னொன்று. டியூப்லைட் ஃப்ளிக்கர் வராமலிருக்க ஷட்டர் 1/50. பின்னணியில் வெள்ளைப்பலகை, லேப் நோட்புக் தெரிகிறதா என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் பாருங்கள், வெளியிடாத தரவு அதில் இருக்கலாம்.