ஐந்தாம் நாள் மட்டும் இடிக்கிறது: மான்யுமென்ட் வேலியைச் சேர்ப்பதா, விடுவதா?

வரும் அக்டோபர் தொடக்கத்தில் லாஸ் வேகாஸில் கிளம்பி அங்கேயே திரும்பும் ஏழு நாள் பயணத்தில், வாடகைக் காரில் நால்வர் செல்கிறோம். ஐந்தாம் நாளை எப்படி அடுக்கினாலும் பொருந்தவில்லை. யூட்டா மாநிலத்தின் சயான் தேசியப் பூங்காவில் இரண்டு இரவு, பிரைஸ் கேன்யனில் ஒன்று, அரிசோனாவின் பேஜ் நகரில் ஒன்று, கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் இரண்டு என்று திட்டமிட்டிருக்கிறோம்.

பேஜிலிருந்து, நவஹோ பழங்குடியினரின் நிலப்பகுதியிலுள்ள செம்பாறைப் பள்ளத்தாக்கான மான்யுமென்ட் வேலி சுமார் 200 கி.மீ.; அங்கிருந்து தெற்கு விளிம்பு சுமார் 290 கி.மீ. பேஜுக்கு அருகிலுள்ள குறுகிய பாறைப் பிளவான ஆன்டெலோப் கேன்யனை வழிகாட்டியுடன்தான் பார்க்க முடியும் என்பதால், பேஜை விட்டுப் புறப்படவே பதினொரு மணியாகிவிடும். போதாக்குறைக்கு, அரிசோனாவின் பிற பகுதிகள் பின்பற்றாத, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் கோடைகால நேரத்தை நவஹோ நிலப்பகுதி பின்பற்றுவதால், கிழக்கே போகும்போது ஒரு மணி நேரம் பறிபோகிறது; இதை மறந்து நான் இரண்டு முறை அட்டவணை போட்டேன்.

பள்ளத்தாக்கினுள் செல்லும் 27 கி.மீ. மண்சாலையில் ஓட்ட வாடகை ஒப்பந்தம் அனுமதிக்கவில்லை. வழிகாட்டியின் ஜீப்பில் சென்றால் மாலையாகிவிடும். கால்நடைகள் குறுக்கிடும் அந்தச் சாலைகளில் இருட்டில் ஓட்ட எனக்குத் துணிவில்லை. பிரைஸ் இரவை நீக்கிப் பார்த்தேன். சூரிய உதயத்தை இழக்க வீட்டில் யாரும் சம்மதிக்கவில்லை.

இவ்வழியில் சென்றவர்கள் சொல்லுங்கள்: சயானில் ஓர் இரவைக் குறைத்து மான்யுமென்ட் வேலியில் தங்குவது நல்லதா, அல்லது அதை இம்முறை விட்டுவிடலாமா?