பணிமாறிய ஏவுகணை: ஒரு முன்மொழிவு

வணக்கம். விமானத்தை வீழ்த்தச் செய்து, பின்னர் தரையைத் தாக்கும்படி மாற்றிய ஏவுகணையைத் தமிழில் ‘நாட்டு ஏவுகணை’ என்று சொல்லலாம் என்கிறார்கள். அந்தச் சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை. நாட்டுத் துப்பாக்கி, நாட்டு வெடிகுண்டு வரிசையில் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் பெயர் தேடும் ஆயுதம் பட்டறையில் பிறந்ததில்லையே!

ஏமனின் காஹிர்-1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பரில் ஹூதி கிளர்ச்சியாளர்கள் வெளிக்காட்டிய இந்த ஏவுகணை, அடிப்படையில் சோவியத்தின் விமான எதிர்ப்பு ஏவுகணையான எஸ்-75. 1960-இல் அமெரிக்க யு-2 உளவு விமானத்தை வீழ்த்திய அதே வகை. உடலும் எந்திரமும் ஆலையில் செய்தவை. தரையிலிருந்து வரும் ரேடார் கட்டளைப்படி விமானத்தைத் துரத்த வேண்டியதை, நிலத்தில் குறித்த இடத்தில் போய் விழும்படி மாற்றிவிட்டார்கள். வீச்சு 250 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். வெடிமுனையோ 200 கிலோகிராம் அளவுதான், அதுவும் வானத்தில் சிதறி விமானத்தைக் கிழிப்பதற்கென்று அமைந்தது. குறியும் துல்லியமில்லை. ராணுவ இலக்கைவிட, பரந்து கிடக்கும் நகரத்துக்குத்தான் இதனால் ஆபத்து அதிகம். போஸ்னியப் போரில் செர்பியப் படையினரும் எஸ்-75-ஐ இப்படித் தரைப்பக்கம் திருப்பியதுண்டு.

ஆக, மாறியது ஆயுதம் பார்க்கும் வேலை. அதனால் ‘பணிமாறிய ஏவுகணை’ என்கிறேன். (அரசு ஊழியர்கள் சிரிக்க வேண்டாம்.) ‘மாற்று ஏவுகணை’ என்றால் ஒன்றுக்குப் பதிலாக வேறொன்று என்ற பொருள் வந்துவிடும். தொலைவைச் சொல்ல வேண்டிய இடத்தில் முன்னால் ‘குறுவீச்சு’ சேர்த்துக்கொள்ளலாம்.

ஈராக்கின் அல்-ஹுசைனையும் இதில் சேர்க்கலாம் என்று ஒரு கருத்து வந்தது. எனக்குச் சம்மதமில்லை. அதன் மூலமான சோவியத்தின் ஸ்கட்-பி முதலிலிருந்தே தரை இலக்குக்கான ஏவுகணை. ஈராக் ஸ்கட்-பியின் வெடிமுனை எடையைக் குறைத்து, எரிபொருள் கலத்தை நீட்டி, 300 கிலோமீட்டர் வீச்சைச் சுமார் 650 ஆக்கியது. 1988-இல் ஈரான் தலைநகர் தெஹ்ரானை அல்-ஹுசைன் எட்டியது அதனால்தான். அப்புறம் 1991 வளைகுடாப் போரில் அவற்றில் பல, கீழே இறங்கும்போதே உடைந்து சிதறின. வேலை மாறாததால் அது ‘வீச்சு நீட்டிய ஏவுகணை’.

‘பணிமாறு ஏவுகணை’ என்று வினைத்தொகையாகச் சுருக்கலாமே என்பீர்கள். அதில் காலம் மறைந்துவிடும். அமெரிக்காவின் நைக் ஹெர்குலிஸ் ஏவுகணை விமான எதிர்ப்புக்காகப் பிறந்தாலும், தரையைத் தாக்கும் வசதி அதன் வடிவமைப்பிலேயே இருந்தது. சுருக்கினால் அதையும் இந்தச் சொல் இழுத்துக்கொள்ளும். அதற்கு ‘இருபணி ஏவுகணை’ என்று தனிப்பெயர் கொடுத்துவிடலாம்.