புதுப்பிப்பு: மொட்டைமாடி ஏசியில் மாட்டிய கார்பன் டை ஆக்சைடு சென்சார்

ஆளே இல்லாத வகுப்பறைக்கு 1,075 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு) காட்டுகிறது, அறையில் ஆள் நிறைய என்று எண்ணி, வெளிக்காற்றை உள்ளே விடும் கதவான டேம்பர் மூடவே மாட்டேன் என்கிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். பழி சென்சார் மேல் இல்லை!

சென்சார் தன் அளவை வோல்ட்டாக அனுப்பும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன்: 2.15 வோல்ட். சென்சார் கணக்கில் 10 வோல்ட் என்றால் 2,000 பிபிஎம். அப்படியானால் 430, கிட்டத்தட்ட வெளிக்காற்றின் அளவு. அதைப் படித்து டேம்பரை இயக்கும் கன்ட்ரோலரிலோ 10 வோல்ட்டுக்கு 5,000 என்று கிடந்தது. அதை மாற்றியதும் டேம்பர் குறைந்தபட்சத் திறப்புக்கு இறங்கிவிட்டது.

அப்புறம் இன்னொன்று. சென்சார் இருக்கும் ரிட்டர்ன் டக்டில் (அறைக்காற்றை ஏசிக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்) வயருக்குப் போட்ட ஓட்டையை அடைக்க மறந்திருந்தேன். அங்கே உறிஞ்சும் அழுத்தம். மாடிக் காற்று நேரே சென்சார் மூக்கிலேயே அடித்தது. சீலன்ட் வைத்தாயிற்று. திங்கட்கிழமை பிள்ளைகள் வந்ததும் அளவு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.