வளர்த்த கிளியைக் கொண்டுபோய் ஒப்படைத்த அனுபவம்

வேப்பநிழல் எழுதியது:

என் தாயார் காலமான பிறகு அவர் வளர்த்த பச்சைக்கிளி என் பொறுப்பில் வந்தது. பதினோரு ஆண்டுகளாக அது கூடத்தில் தொங்கிய கூண்டில்தான் இருந்தது. பால்காரர் முதல் பக்கத்துத் தெருவில் குடியிருந்த காவலர் வரை அதனுடன் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவது வழக்கம் என்பதால், அதை வைத்திருப்பது குற்றமாக இருக்கக்கூடும் என்ற எண்ணமே எங்களுக்கு எழுந்ததில்லை. அலகு அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டதே என்று கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றபோதுதான், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி அவர் எடுத்துச் சொன்னார்.

அந்தச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வதை மட்டும் குறிப்பதன்று. பிடிப்பதும் கண்ணி வைப்பதும் அதில் அடங்கும். ‘இது காட்டில் பிடித்ததில்லை, கூண்டிலேயே பொரித்த குஞ்சு’ என்று விற்றவர் என் தாயாரிடம் சொல்லியிருந்தார். அதனாலும் பயனில்லை, சட்டத்துக்குப் புறம்பாக அடைத்து வைத்ததோ கூண்டில் இனப்பெருக்கம் செய்ததோ, அப்படிப்பட்ட வனவிலங்கு அரசின் சொத்து என்கிறது 39-ஆம் பிரிவு.

இரண்டு வாரம் தயங்கியபின், கிளி எப்படி வந்தது என்பதை ஒரு கடிதமாக எழுதிக்கொண்டு வனத்துறை அலுவலகத்துக்குச் சென்றேன். அங்கிருந்த அலுவலர் கடிதத்தைப் படிப்பதற்கு முன்பே கிளியைத் துணியில் பொதிந்து எடுத்து இறக்கையை விரித்துக் காட்டினார். பறப்பதற்குரிய நீண்ட இறகுகள் இருக்க வேண்டிய இடத்தில், தேய்ந்த துடைப்பத்தின் நுனிபோல வெட்டுப்பட்ட தண்டுகள் மட்டுமே இருந்தன. இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும் வரை பெரிய பறவைக் கூடத்தில் வைத்துப் பறக்கப் பழக்க வேண்டும் என்றார். என்மீது வழக்கு பதியவில்லை. எல்லோருக்கும் அப்படியே நடக்கும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் பிடிபட்ட பிறகு விளக்குவதும், நாமாகப் போய் நிற்பதும் ஒன்றல்ல.

கரிசல்மேடு எழுதியது:

எங்கள் வீட்டில் நட்சத்திர ஆமை. ‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்று கேட்டு வளர்ந்த எனக்கு, புதுமனை புகுவிழாவில் உயிருள்ள ஆமையை அதிர்ஷ்டம் என்று ஒருவர் கொடுத்தது வேடிக்கையாகவே இருந்தது. ஓட்டில் மஞ்சள் கோடுகள் கதிர்போல விரியும் அந்த உயிரினம் கடத்தலால் எவ்வளவு நலிந்துள்ளது என்றால், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையான சைட்டிஸில், வணிகத் தடையுள்ள முதல் பட்டியலுக்கே 2019-இல் அதை மாற்றிவிட்டார்கள். இப்படிப்பட்ட விலங்கு கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். நாங்கள் தெரிவித்தது ஆறாம் நாள். தாமதத்துக்கான காரணத்தை நானும் மனைவியும் தனித்தனியே எழுதித் தர வேண்டியிருந்தது. அமீனா வரவில்லை என்ற அளவில் நிம்மதி.

மேலமாடம் எழுதியது:

வெளிநாட்டு இனம் என்றால் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பட்ஜெரிகர், காக்கட்டீல் ஆகியவை சைட்டிஸ் பட்டியலில் இல்லை. ஆனால் நான் வளர்க்கும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி முதல் பட்டியலில் இருக்கிறது. 2020 ஜூனில் மத்திய அரசு ஆறு மாத அவகாசம் அளித்து, அதற்குள் தாமாக அறிவிப்பவர்களிடம் ஆவணம் கேட்கப்படாது என்றது. நான் அப்போதே மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்துவிட்டேன். என் மைத்துனர் அதற்குப் பிறகு வாங்கினார். 2024-இல் வந்த விதிகளின்படி பதிவு செய்ய முயன்றபோது அவரிடம் இருந்தது, கடையின் பெயர்கூட இல்லாமல் ‘கிளி ஒன்று’ என்று பேனாவால் எழுதிய துண்டுச் சீட்டுதான். விற்றவரின் தொலைபேசி எண் இப்போது உபயோகத்தில் இல்லை.

வேப்பநிழல் எழுதியது:

என் தாயாரிடம் அந்தத் துண்டுச் சீட்டுகூட இருந்ததில்லை. நேற்று அக்கா பேசியபோது, காலிக் கூண்டைப் பார்க்கப் பிடிக்கவில்லை, ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கி விடலாமா என்று கேட்டார். எந்த இனம் என்று கடையில் எழுதி வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.