சாய்ந்த பால்மரம், பழைய செயின்சோ, புகையும் விறகு: யோசனை வேண்டும்

கேள்வி: கங்காணி பேரன்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்துக்குச் சற்று வெளியே, முன்பு தோட்டமாக இருந்த இடத்தை ஒட்டி, என் தந்தையார் வாங்கிப் போட்ட ஓர் ஏக்கர் நிலம் எங்களுக்கு இருக்கிறது. அதில் 14 பழைய பால்மரங்களும் (ரப்பர் மரங்கள்) வீட்டுக்குப் பின்னால் ஒரு ரம்புத்தான் மரமும் நிற்கின்றன. பால் சீவுவதை நிறுத்தி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. பால்மரங்களில் ஒன்று சாலையோர மின்கம்பியின் பக்கம் சாய்ந்திருக்கிறது. ரம்புத்தானின் பெரிய கிளை ஒன்று கூரைத் தகரத்தை உரசுகிறது.

அம்மா பொங்கலுக்கும் குலதெய்வப் படையலுக்கும் விறகடுப்பில்தான் சமைப்பார். சென்ற ஆண்டு காற்றில் விழுந்த ஒரு பால்மரத்தை ஆள் வைத்துத் துண்டு போட்டு, சமையற்கட்டுச் சுவரோரமாக அடுக்கி, மழை படக்கூடாதென்று பிளாஸ்டிக் படுதாவால் தரைவரை மூடி வைத்தோம். மூன்று மாதம் கழித்துத் திறந்தபோது கட்டைகள் கறுத்துப் பூசணம் பிடித்திருந்தன. அடியில் மாவு போல் தூள் கொட்டிக் கிடந்தது. பொங்கலன்று அடுப்பு எரிந்ததைவிடப் புகைந்ததே அதிகம்.

இப்போது தெரிந்தவர் ஒருவர் 20 அங்குலப் பார் (சங்கிலி சுற்றி ஓடும் தட்டு) உள்ள பழைய செயின்சோவை, அதாவது சங்கிலி ரம்பத்தை, 450 வெள்ளிக்கு (ரிங்கிட்) தருவதாகச் சொல்கிறார். நான் இதுவரை பாராங்கத்தியை (வெட்டுக்கத்தி) தவிர வேறொன்றையும் பிடித்ததில்லை. அதை வாங்கலாமா, சாய்ந்த மரத்தை நானே வெட்டலாமா, விறகு ஏன் அப்படிக் கெட்டது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: ரம்பப் பட்டறை

தம்பி, 22 ஆண்டுகளாக இந்த இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த 20 அங்குல ரம்பம் உங்களுக்கு வேண்டாம். உங்கள் மரங்களின் சுற்றளவு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் குறுக்களவு 32 சென்டிமீட்டர்தான் வரும். அதற்கு 14 அல்லது 16 அங்குலப் பாரும், 30 முதல் 40 சி.சி. வரையுள்ள இயந்திரமும் தாராளமாகப் போதும். நீளமான பார் கூடுதல் எடை. அதைவிட முக்கியமாக, கட்டைக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் நுனி, நீங்கள் பார்க்காத வேறொரு கிளையில் படும். பாரின் நுனியில் மேல் பாதி எதிலாவது பட்டால், ரம்பம் இமைக்கும் நேரத்தில் உங்கள் முகத்தை நோக்கி எகிறும். முன்கைக்கு முன்னால் இருக்கும் சங்கிலித் தடுப்பு அதற்காகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. பழைய இயந்திரம் எதை வாங்கப் போனாலும், முதலில் அந்தத் தடுப்பைத் தள்ளிப் பாருங்கள். ஓடுகிற சங்கிலி அக்கணமே நிற்கவில்லை என்றால் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

என் பட்டறைக்கு வரும் ரம்பங்களில் பெரும்பாலானவை எஞ்சின் கெட்டு வருவதில்லை, மொட்டைச் சங்கிலியோடும் தவறான எண்ணெய்க் கலவையோடும் வருகின்றன. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டும்; இன்றைய நல்ல டூ ஸ்ட்ரோக் எண்ணெயாக இருந்தால் பொதுவாக 50க்கு 1, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. இயந்திரத்தின் புத்தகம் வேறு கணக்குச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். எண்ணெய் கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

சங்கிலி கூர்மையாக இருக்கிறதா என்பதை மரத்தூளே சொல்லிவிடும். சீவல் சீவலாக விழுந்தால் கூர் இருக்கிறது. மாவாக விழுந்தால் போய்விட்டது. மொட்டைச் சங்கிலியை அழுத்தி அழுத்தி வெட்டுகிறவர்தான் நிலை தடுமாறுவார். சிறிய ரம்பங்களின் சங்கிலிக்குப் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் உருண்டை அரம் பொருந்தும். ஒவ்வொரு பல்லையும் 30 பாகைச் சாய்வில், உள்ளிருந்து வெளியே, ஒரே எண்ணிக்கையில் அராவ வேண்டும். ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் குட்டையானால் வெட்டு கோணலாக இறங்கும்.

பால்மரத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு, புத்தகங்களில் இதைப் பார்க்க முடியாது. பால் வடிவதற்கு அடித்த தகரப் பீலியும், கோப்பையைத் தாங்கக் கட்டிய கம்பியும், ஆண்டுக்கணக்கில் பட்டை வளர்ந்து மூடி உள்ளேயே புதைந்து கிடக்கும். ரம்பம் அதன்மேல் ஒருமுறை பட்டால் போதும், புதிய சங்கிலி பாழ். இடுப்பு உயரம் வரையுள்ள அடிமரத்தைப் பாராங்கத்தியால் சுரண்டி, தட்டிப் பார்த்த பிறகே ரம்பத்தை வையுங்கள்.

பதில்: சிம்பாங் லீமா

முழுக்காற்சட்டை, தலைக்கவசம், காதுறை, கண்ணாடி, பூட்ஸ் ஆகியவற்றுக்கான பணத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதி இருப்பதில் ரம்பம் வாங்கச் சொல்வேன். சங்கிலிக்குப் பழைய எஞ்சின் எண்ணெயை ஊற்றினால் செலவு மிச்சம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

பதில்: ரம்பப் பட்டறை

முதல் பாதியை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். சிலிப்பர் போட்டுக்கொண்டு ரம்பம் ஓட்டுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. பழைய எஞ்சின் எண்ணெய் வேண்டாம், ஐயா. அதில் உலோகத் துகள் மிதக்கிறது. அது எண்ணெய்ப் பம்பை அரித்துவிடும், சங்கிலியிலிருந்து தெறித்து உங்கள் கைமீதும் மண்மீதும் படும்.

பதில்: புகைவீட்டு அக்கா

தம்பி, விறகைப் பற்றி நான் சொல்கிறேன். என் தகப்பனார் தோட்டத்தில் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைவீட்டில் வேலை செய்தவர். அங்கே எரிந்ததெல்லாம் பால்மர விறகுதான். ஆகவே உங்கள் வீட்டு அடுப்பு புகைந்ததற்கு மரத்தைக் குறை சொல்லாதீர்கள்.

பால்மரக் கட்டையில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாள்களிலேயே பூசணம் ஏறிக் கருநீலமாகும், பிறகு அந்த மாவுச்சத்தைத் தின்ன வண்டு வரும். நீங்கள் பார்த்த தூள் அதன் வேலை. நாற்காலி, மேசை செய்யும் ஆலைகளில் பலகையை அறுத்த உடனே போரான் மருந்து ஏற்றுவது இதனால்தான். அடுப்புக்குப் போகிற விறகுக்கு எந்த மருந்தும் கூடாது. வெட்டிய வாரத்திலேயே பிளந்துவிடுங்கள். பட்டையோடு உருண்டையாகக் கிடக்கும் கட்டை ஈரத்தை விடாது. தரையில் இரண்டு கழிகளைப் போட்டு, அதன்மேல் காற்றுப் புகும்படி அடுக்கி, மேலே மட்டும் பழைய தகரத்தால் மூடி, நான்கு பக்கத்தையும் திறந்து விடுங்கள். நீங்கள் தரைவரை மூடிய படுதாதான் உள்ளேயிருந்த ஈரத்தைப் பூட்டி வைத்தது. வீட்டுச் சுவரிலும் சாய்க்காதீர்கள். வண்டு வீட்டுக்குள் இருக்கும் பால்மர நாற்காலி, மேசைக்குப் போகும், கரையானும் பாம்பும் விறகுக்குப் பின்னால் இடம் பார்க்கும்.

காய்ந்ததா என்று அறிய, ஒரு கட்டையில் அடையாளம் போட்டு வாரத்துக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகு அடுப்பில் வைக்கலாம். பால்மர விறகு சீக்கிரம் பற்றி சீக்கிரம் தீர்ந்துவிடும். பெரிய அண்டாவில் நெடுநேரம் சமைக்கும் விசேஷ நாளில் நான் பக்காவ் (அலையாத்தி) மரக் கரியைச் சேர்த்துக்கொள்வேன். தைப்பிங் பக்கம் கோலசெப்பேத்தாங்கில், மாத்தாங் அலையாத்திக் காட்டு மரத்தைக் கொண்டு இன்னும் சூளை போடுகிறார்கள்.

பதில்: மரமேறி

இதுவரை எல்லாரும் ரம்பத்தையும் விறகையும் பற்றிப் பேசினீர்கள். நான் அந்தச் சாய்ந்த மரத்திடமிருந்து தொடங்குகிறேன். மின்கம்பியின் பக்கம் சாய்ந்த மரத்தை நீங்கள் தொடக் கூடாது, என்னைப் போன்ற கூலிக்காரரும் தனியாகத் தொடக் கூடாது. மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலுக்குத் தகவல் கொடுத்து, அவர்கள் வந்து பார்த்த பிறகே எதுவும் நடக்க வேண்டும். கிளை கம்பியில் படாவிட்டாலும், விழும்போது எப்படித் திரும்பும் என்பது மரத்துக்கே தெரியாது.

அதற்கிடையில் அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் கவனியுங்கள். சிறு வயதிலிருந்தே சாய்ந்து வளர்ந்த மரம் பல ஆண்டுகள் அப்படியே நிற்கும். சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் மண் புதிதாக வெடித்திருந்தாலோ, வேரைச் சற்றுத் தோண்டும்போது வெள்ளை நூல் போன்ற பூசணம் வேரோடு ஒட்டியிருந்தாலோ, அது வேறு கதை. தோட்டத்தில் வெள்ளை வேர் நோய் என்பார்கள். செத்த மரத்தின் அடிக்கட்டையில் உயிரோடு இருந்து, மண்ணுக்கடியில் அடுத்த மரத்தின் வேருக்குப் போகும். ஆகவே அந்த இடத்தில் மீண்டும் மரம் நடுவதாக இருந்தால், அடிக்கட்டையையும் வேர்களையும் தோண்டி எடுத்துவிடுங்கள்.

மற்ற 13 மரங்களை ஏன் வெட்ட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பால் நின்றதால் மரம் செத்ததாக ஆகாது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் 9 கன்றுகளை உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கோலகங்சாரில் நட்டார்கள். அவற்றுள் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. வெட்டியே ஆக வேண்டுமென்றால், 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை வெட்ட உள்ளூர்த் திட்ட அதிகாரிகளின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. செத்த மரத்துக்கும் உடனடி ஆபத்தான மரத்துக்கும் விலக்கு உண்டு. சுமார் 50 சென்டிமீட்டர் சுற்றளவிலேயே பால் சீவத் தொடங்குவார்கள் என்பதால், உங்கள் பழைய மரங்கள் 0.8 மீட்டரைத் தாண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன். நகராண்மைக் கழகத்தில் முதலில் கேளுங்கள். கழிவுக் கிளைகளைக் குவித்துக் கொளுத்திவிடவும் வேண்டாம். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டத்தில் திறந்தவெளி எரிப்புக்குத் தடை இருக்கிறது.

ரம்புத்தான் கிளையைக் காய் பறித்து முடிந்ததும் எடுக்கலாம். முதலில் அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளிக் கிளையின் கீழ்ப்பக்கத்தில் சிறிது வெட்டி, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால், பட்டை உரியாமல் கிளை விழும். எஞ்சிய குட்டைத் துண்டைப் பிறகு அடிமரத்தோடு சேருமிடத்தில் உள்ள வீங்கிய வளையத்தை ஒட்டி அறுங்கள். வளையத்தை வெட்டிவிட்டால் காயம் ஆறாது. மேலே பெயின்ட் பூச வேண்டியதில்லை. இதை ஏணியில் ஏறி நின்றுகொண்டு செயின்சோவால் செய்யாதீர்கள், கூரைக்கு மேலே இருக்கும் பகுதிக்கு ஆள் வையுங்கள்.

பதில்: கங்காணி பேரன்

அனைவருக்கும் மிக்க நன்றி. தெனாகாவுக்கு இன்று காலை தகவல் கொடுத்துவிட்டேன். சாய்ந்த மரத்தின் எதிர்ப்பக்கம் மண்ணில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருப்பதைச் சற்று முன்புதான் பார்த்தேன், அதனால் பிள்ளைகளை அந்தப் பக்கம் விளையாடக் கூடாதென்று சொல்லிவிட்டேன். 20 அங்குல ரம்பம் வேண்டாமென்று அந்த நண்பரிடம் தெரிவித்துவிட்டேன். பட்டறை அண்ணன் அவர்களுக்கு ஒரு கேள்வி: 14 அங்குலத்தில் ஒன்று வாங்கினால், நிற்கும் மரத்தை விட்டுவிட்டு, தரையில் கிடக்கும் கட்டையை அறுத்துப் பழகலாம் அல்லவா?

பதில்: ரம்பப் பட்டறை

பழகலாம், தம்பி. கட்டையின் இரண்டு முனைகளும் முட்டுக்கொடுத்து நடுப்பகுதி அந்தரத்தில் தொங்கினால், மேலிருந்து வெட்டும்போது பிளவு மூடிக்கொண்டு பாரைக் கவ்விவிடும். அப்போது மேலே கொஞ்சம் வெட்டிவிட்டு, மீதியைக் கீழிருந்து மேல்நோக்கி வெட்ட வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை தொங்கினால் இதற்கு நேர்மாறு. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் பட்டறையில் இருப்பேன், ரம்பத்தோடு ஒரு பழைய சங்கிலியையும் கொண்டு வாருங்கள், அராவக் கற்றுத் தருகிறேன்.