ஆட்கொணர்வு மனுவில் வரும் "ரிட்டர்ன்": தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க ஃபெடரல் சிறைக் கைதி போடும் ஆட்கொணர்வு மனு எப்படி நகர்கிறது என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். "ரிட்டர்ன்" என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

கைதி தான் அடைபட்டிருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில், சிறைக் கண்காணிப்பாளரை எதிர்மனுதாரராக்கி மனுப் போடுகிறார். தொடக்கத்திலேயே தள்ளுபடி ஆகாவிட்டால், காரணம் கேட்டு நீதிபதி உத்தரவிடுவார். அதற்குச் சிறைத் தரப்பு தாக்கல் செய்வதுதான் ரிட்டர்ன். சட்டத்தில் கெடு 3 நாள், தக்க காரணம் இருந்தால் 20 நாள் வரை. நடைமுறையில் நீதிமன்றங்கள் தாராளமாகவே அவகாசம் தருகின்றன, அது வேறு கதை.

உங்கள் பரிந்துரை?

---

> உங்கள் பரிந்துரை?

எதிருரை என்று நம் நீதிமன்றங்களில் ஏற்கெனவே இருக்கிறதே ஐயா. புதுச்சொல் எதற்கு?

---

> எதிருரை என்று ஏற்கெனவே இருக்கிறதே

நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன், அப்புறம் அடித்துவிட்டேன். எதிருரை என்றால் வாதி சொன்னதற்குப் பிரதிவாதி சொல்லும் பதில். இங்கே கேள்வி கேட்பது நீதிமன்றம். "இந்த ஆளை எந்த அதிகாரத்தில் அடைத்து வைத்திருக்கிறாய்?" என்பதற்குச் சிறை பதில் சொல்லியாக வேண்டும். அமெரிக்கச் சட்டத் தொகுப்பு 28-ஆம் தலைப்பின் 2243-ஆம் பிரிவும், காவலின் உண்மையான காரணத்தைச் சான்றுரைக்க வேண்டும் என்றே சொல்கிறது. அந்தக் காலத்தில் காவலில் வைத்திருப்பவர், நீதிமன்றம் அனுப்பிய நீதிப்பேராணையிலேயே (ரிட்) காரணத்தை எழுதித் திருப்பி அனுப்புவார். ரிட்டர்ன் என்ற பெயர் அப்படி வந்தது. அதற்காக "திருப்புரை" என்றால் யாருக்கும் புரியாது. வருமான வரி ரிட்டர்னையும் நாம் அப்படிச் சொல்வதில்லை.

ஆகவே "காவற்காரண உரை", சுருக்கமாகக் "காரணவுரை". நீதிபதி காரணம் கேட்கிறார், சிறை காரணவுரை தருகிறது. கைதி அதற்குத் தரும் பதில் "மறுப்புரை".

---

காரணவுரை நன்று. ஒரு சந்தேகம்: ஆளைக் கொண்டுவராமலே வழக்கு முடிந்தால் அது எப்படி ஆட்கொணர்வு?

---

நல்ல கேள்வி அம்மா. சட்டக் கேள்வி மட்டும்தான் என்றால் ஆளை நிறுத்த வேண்டாம் என்று அதே பிரிவே சொல்கிறது. பல மனுக்கள் காகிதத்திலேயே முடிகின்றன. பெயர் பழையது, இருக்கட்டும்.

ஆனால் 2255-ஆம் பிரிவு விண்ணப்பத்தை ஆட்கொணர்வு என்று எழுத வேண்டாம். 1948-ல் வந்த அந்த வழியில், தண்டித்த நீதிமன்றத்திடமே தண்டனையை நீக்கக் கேட்கிறார்கள். "தண்டனை நீக்க விண்ணப்பம்" என்றே போடுகிறேன். ஞாயிறு வரை காரணவுரைக்கு மறுப்புரை வராவிட்டால் அதையும் சேர்த்துவிடுவேன்.