புதுப்பிப்பு: பாப்பாவின் சிறுநீரக ஸ்கேன் முடிந்தது

நாலு வயது மகளுக்குச் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருவதால் டி.எம்.எஸ்.ஏ ஸ்கேன் (ஊசியில் லேசான கதிரியக்க மருந்து ஏற்றி, சிறுநீரகத்தில் தழும்பு இருக்கிறதா என்று படம் பிடிப்பது) எழுதியிருக்கிறார்கள், எப்படிச் சமாளிப்பது என்று போன வாரம் கேட்டிருந்தேன். நேற்று முடிந்தது. ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பே மரத்துப்போகும் களிம்பைத் தடவச் சொன்னவருக்குக் கோடி நன்றி, குத்தும்போது சத்தமே இல்லை, ஆனால் பிளாஸ்திரியைப் பிய்த்தபோது ஊரைக் கூட்டிவிட்டாள். மருந்து சிறுநீரகத்தில் போய்ச் சேர 3 மணி நேரம் காத்திருந்தோம். அப்புறம் அரை மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும், அதற்கு முந்தின நாளே வீட்டுக் கட்டிலில் சிலை விளையாட்டு பழக்கியிருந்தேன். கரடி பொம்மையையும் பக்கத்தில் படுக்கவைத்து, "அசைஞ்சா நீ அவுட்டு" என்று அதை மெல்ல மிரட்டிக்கொண்டே கிடந்தாள். மருந்து சிறுநீரில் வெளியேறட்டும் என்று அன்று முழுக்கத் தண்ணீரும் இளநீரும் நிறையக் கொடுத்தேன்.

இடது பக்கம் சின்னத் தழும்பு இருக்கிறதாம். தொற்று திரும்ப வராமலிருக்க ராத்திரி கொடுக்கும் மருந்து தொடரும், 6 மாதம் கழித்து மறுபடி போகணும்.